துடுப்பில் ஏறிய துணி

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த டைரி எஞ்சின் ஆயில் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் அப்பாவுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வழுக்கிச் செல்லுங்கள்’ என்று அச்சடித்திருக்கிறது. அதன்படியே பதினாறு வருஷம் வழுக்கி வந்தேன். இன்று மாட்டிக்கொண்டேன்.

நேற்று மாதா கோயில் மைக்கில், செபம் நடத்துகிற உபதேசியார் குரலில், நாலு மணிக்குக் கடற்கரையில் இலவச ஐஸ் லாரி வருகிறது என்று அறிவித்தது நான்தான். மைக்கைப் போட்டுக் கொடுத்தது என் சித்தப்பா மகன் ரீகன். நாலு மணிக்கு நாற்பது பெண்கள் பெட்டியும் வாளியுமாக மணலில் நின்றார்கள். உபதேசியாரும், நாமே சொல்லியிருப்போமோ என்ற சந்தேகத்தில் ஒரு வாளியோடு வந்து நின்றார்.

பங்குச்சாமியார் அமலன் சாமி திண்டுக்கல் பக்கத்துக்காரர். போன வருஷம்தான் எங்கள் சிப்பித்துறைக்கு மாறி வந்தார். இதுவரை படகில் கால் வைத்ததில்லை. அவர் கொடுத்த தண்டனை: ஊர்த் திருவிழாவுக்கு நடக்கப்போகும் படகுப் போட்டிக்கு நான் எழுத்துவேலை பார்க்க வேண்டும். என் குரல் ஊருக்குத் தேவையில்லையாம், கையெழுத்து போதுமாம்.

போட்டி மே 18. இங்கிருந்து தெற்கே தாழைமுனை வரை முப்பது கிலோமீட்டர் போய், அங்கே நங்கூரம் போட்டு நிற்கும் படகைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். மோட்டார் வைத்த பைபர் படகுகள் மட்டும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன, கடல் காலி.

போட்டோடு டி சேர்ந்தால் போட்டி. போட் அவர்களுடையது. டி நான்.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் கூட்டம். கமிட்டியில் ஆறு பேர். பேசுவது சாமியும் கஸ்பார் மாமாவும். மற்ற நால்வரைத் ‘தலையாட்டும் உறுப்பினர்கள்’ என்று எழுதி, பிறகு முதல் சொல்லை அடித்துவிட்டேன்.

கஸ்பார் மாமாதான் தலைவர். மாமா என்பது ஊர் முறைக்கு, சொந்தம் இல்லை. வலது கையில் மூன்று விரல் மடங்காது. போன நவம்பரிலிருந்து அப்படி. டீ கிளாஸை இடது கையால்தான் வாங்கினார்.

எழுதுகிற பிள்ளை யார் என்று கேட்டார். அவருக்குத் தெரியும். இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது. தொம்மை மகள் ஜெசிந்தா என்றார் சாமி. கஸ்பார் மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்து கோணாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இன்று முடிவானவை: படகுக்கு இரண்டு பேர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லாருக்கும் ஒன்பது புள்ளி ஒன்பது குதிரைத்திறன் எஞ்சின். பத்தாவது குதிரையின் வால் மட்டும் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு எரிபொருள், முந்தின நாளே ஊற்றிப் பூட்டி வைக்கப்படும். பரிசு ஒரு ஆட்டுக்கிடா.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஆண்கள் எல்லாம் வலைக்கூடத்தில் உட்கார்ந்து போட்டியைப் பற்றியே பேசினார்கள். அப்பா நேரே வீட்டுக்கு வந்து எஞ்சினைக் கழற்றித் துடைத்தார். அந்த எஞ்சினுக்கே கூச்சம் வரும், அவ்வளவு துடைப்பு.

இப்போதெல்லாம் அப்பா தனியாகத்தான் கடலுக்குப் போகிறார். மீனையும் நம் ஊர் ஏலக்கூடத்தில் போடுவதில்லை. பக்கத்து ஊருக்குக் கொண்டு போகிறார், அங்கே விலை கூடுதலாம். நான் விசாரித்துவிட்டேன். அதே விலைதான்.

மே 1, வியாழன்

பெயர் கொடுத்த படகுகள் ஏழு. பெயர் கொடுப்பதாகச் சொன்ன படகுகள் நாற்பது. கடலைவிட வாய் ஆழம்.

மே 3, சனி

விதிமுறை எழுதுவது என் தலைவிதி. ஆறு விதிகள் சீக்கிரம் முடிந்தன. ஏழாவதில் நின்றுவிட்டது.

எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு. படகில் ஏதாவது ஆபத்து என்றால் துடுப்பை நட்டு நிறுத்தி, அதில் ஒரு சட்டையையோ இடுப்புச் சாரத்தையோ கட்டுவார்கள். அதைப் பார்த்தவன் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அங்கே போவான். பகையாளி படகாக இருந்தாலும் போவான். போட்டி நாளிலும் இது உண்டா என்று சாமி கேட்டார்.

கஸ்பார் மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்: “துணி ஏறினா போவணும். இதை எழுதி வேற வைக்கணுமா சாமி? சரி, எழுதுங்க. செல பேருக்கு எழுதிக் காட்டினாத்தான் புரியும்.”

எல்லாரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.

‘அருகில் உள்ள படகு போக வேண்டும்’ என்று எழுதினேன். அதை மாற்றச் சொன்னார். பக்கத்தில் இருப்பவன் என்று எழுதினால், ஒவ்வொருவனும் அடுத்தவன்தான் பக்கம் என்பானாம். ஆகவே விதி எண் ஏழு இப்படி ஆனது: எந்தப் படகிலாவது துணி ஏறினால், பார்த்தவர் எவராயினும் போட்டியை விட்டு அங்கே போக வேண்டும்.

உறுப்பினர் ஒருவர் அதிசயமாக வாய் திறந்து, முந்துகிறவனை நிறுத்த எவனாவது பொய்யாகத் துணி கட்டினால் என்ன செய்வது என்று கேட்டார்.

“துணியில வெளையாடுத மனுசன் கடக்கரையில இன்னும் பொறக்கல” என்றார் கஸ்பார் மாமா.

பேனா எழுதவில்லை. மை தீர்ந்திருக்கும்.

மே 5, திங்கள்

இந்த டைரியை யாராவது எடுத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது என்பதால் ஊர் சொல்வதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கஸ்பார் மாமாவின் எஞ்சின் நின்றுவிட்டது. தனியாக இருந்தார். சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டினார். கிழக்கே என் அப்பாவின் படகு போனது. அப்பா பார்த்தார். நிற்கவில்லை. அதோடு கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். நீரோட்டம் கஸ்பார் மாமாவை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு முழு நாளும் இரண்டு இரவும் கழித்து வேறு கரைக்காரர்கள் கண்டு கொண்டுவந்து விட்டார்கள். கவிழாமல் இருக்கக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்திருந்ததில் விரல்கள் மடங்காமல் போய்விட்டன.

ஊர்க்கூட்டத்தில் அப்பாவிடம் கேட்டார்கள். “பாத்தேன். போவல” என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அப்பாவின் படகில் இரண்டாவது ஆளாக யாரும் ஏறுவதில்லை.

நிற்காமல் போனதைக்கூட ஊர் பொறுத்துக்கொள்ளுமாம். கை ஆட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லையாம்.

மே 9, வெள்ளி

படகுகள் பதினெட்டு. குலுக்கல் முறையில் எண் கொடுத்தேன். பதின்மூன்றாம் எண்ணை யாரும் வாங்க மாட்டேன் என்றதால் பன்னிரண்டு-அ என்று ஆக்கினேன். சந்தோஷமாக வாங்கிப் போனார்கள்.

சாயங்காலம் அப்பா என் பதிவேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். வீட்டில் சொல்லியிருக்கலாம், கோயில் அறைக்கு வந்து நின்றார், வரிசையில் நிற்கிற மாதிரி. எழுது என்றார். படகின் பெயர், ஓட்டுபவர் பெயர் எழுதினேன். இரண்டாவது ஆள் யார் என்று கேட்டேன்.

“கெடைக்கும்” என்றார்.

பதினாலாம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டும். அந்த விதியையும் நான்தான் எழுதினேன், கையெழுத்து கோணாமல்.

மே 10, சனி

ரீகன் கேட்டான்: “நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?” மிதவைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றேன்.

மே 11, ஞாயிறு

மிதவைக்குப் பெயின்ட் அடித்தேன்.

மே 12, திங்கள்

அப்பா ஆறு வீட்டுக்குப் போய் வந்தார். அம்மாதான் எண்ணிச் சொன்னாள். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. சாப்பிடும்போது, காற்று மாறப்போகிறது என்று மட்டும் சொன்னார்.

சரி, எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

போன ஆகஸ்ட் விடுமுறையில் ரீகனும் நானும் அவன் வீட்டு நீலப் படகை எடுத்துக்கொண்டு பாறைத் திட்டு வரை போனோம். அப்பா தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் யோசனை வந்தது. துடுப்பை நட்டு ரீகனின் சட்டையைக் கட்டினேன். அப்பா வலைக்கயிற்றை அறுத்துவிட்டு எஞ்சினை முழுசாகத் திருகிக்கொண்டு பறந்து வந்தார். நாங்கள் மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அந்த வலை திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாவது தடவை செப்டம்பர். மெதுவாக வந்தார், ஆனால் வந்தார். மூன்றாவது தடவை அக்டோபர். வரவில்லை. இருந்த இடத்திலேயே கையைத் தூக்கிக் காற்றில் ஒரு திருகு திருகிக் காட்டினார். ‘வீட்டுக்கு வா, காதைத் திருகுதேன்’ என்று அர்த்தம். அது எங்கள் வீட்டுச் சைகை. வீட்டுக்குப் போனதும் திருகவும் செய்தார்.

கஸ்பார் மாமாவின் படகும் ரீகன் வீட்டுப் படகும் ஒரே நீலம். நவம்பரில் அது நடந்தது சனிக்கிழமை, எங்களுக்குப் பள்ளி இல்லை. அதே பாறைத் திட்டுப் பக்கம். சாயங்கால வெயில் அப்பாவின் கண்ணில்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் மீனுக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நின்றார். நீ கடலுக்குப் போகவில்லையா என்று கேட்டார். இல்லையே என்றேன். முகம் கழுவாமல், எரிபொருள் ஊற்றாமல், அப்படியே திரும்பிப் படகைத் தள்ளினார். விடிந்துதான் வந்தார். கிடைக்கவில்லை.

ஊர்க்கூட்டத்தில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து என் காதையும் தொட்டதில்லை.

மே 14, புதன்

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் மைதானத்தில் போட்டியாளர் கூட்டம். பதினெட்டுப் படகு, முப்பத்தாறு பேர். கொடிமரத்துக்குப் பின்னால் அப்பா, தனியாக. விதிகளை வாசிக்கச் சொல்லிச் சாமி என் கையில் மைக்கைக் கொடுத்தார். அதே மைக்.

ஆறு வரை வாசித்தேன். ஏழையும் வாசித்தேன். அடுத்து எட்டு. எட்டு வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக மே 12 வந்தது. மாங்காய், நீலப் படகு, மூன்று தடவை, எல்லாம்.

முடித்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ, “ஐஸ் எத்தன மணிக்கு பிள்ள?” என்றார். முப்பத்தாறு பேரும் சிரித்தார்கள். ரீகன் எழுந்து, நானும் கூட இருந்தேன், சத்தியம் என்றான். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எங்கள் இரண்டு பேர் சத்தியத்துக்கு ஊரில் அவ்வளவுதான் மதிப்பு.

அப்பா முன்னால் வந்தார். “அவ சும்மா சொல்லுதா. எனக்காவச் சொல்லுதா. விடுங்க” என்றார்.

கஸ்பார் மாமா என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பனைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்வது பெரிய பாவமில்லை, ஆனால் துணி விஷயத்தில் வேண்டாம், உட்கார் என்றார்.

நான் உட்காரவில்லை. மூன்றாவது தடவை அப்பா வரவே இல்லை, நின்ற இடத்திலிருந்து இப்படிக் காட்டினார் என்று சொல்லி, மைக் இல்லாத கையைத் தூக்கிக் காற்றில் திருகிக் காட்டினேன்.

“அதைத் திரும்பக் காட்டு” என்றார் கஸ்பார் மாமா.

காட்டினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மைக் இல்லாமல்தான் பேசினார், எல்லாருக்கும் கேட்டது. “நான் இதை ஒருத்தர்ட்டயும் சொல்லல. கை ஆட்டினான்னுதான் சொன்னேன். ‘எஞ்சினைத் திருகிப் பாருலே’ன்னு நக்கல் பண்ணிட்டுப் போறான்னு நெனச்சேன். அந்தத் திருகு எனக்கு மட்டுந்தான் தெரியும். இந்தப் பிள்ளைக்குத் தெரிய வழியில்ல.”

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “ஏன்டே, ஆறு மாசமா இதை ஏன் சொல்லல?”

அப்பா வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சொன்னா புள்ளையையில்ல காட்டிக் குடுக்கணும்” என்றார்.

எட்டாவது விதியைச் சாமியே வாசித்தார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மே 15, வியாழன்

பதினாலாம் தேதி முடிந்துவிட்டதால் காலையில் அப்பாவின் பெயரை அடிக்கப் பதிவேட்டை எடுத்தேன். கஸ்பார் மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். இரண்டாவது ஆளுக்கு நேரே அவர் பெயரை எழுதச் சொன்னார். நேற்று இரவோடு கெடு முடிந்துவிட்டது என்றேன். தலைவர் நான்தானே என்றார்.

“அவன் ஓட்டட்டும். நான் எதுத்தாப்ல உக்காந்து பாத்துக்கிட்டே வாறேன், எங்கயாவது துணி தெரியுதான்னு.”

மன்னிப்பா, மிரட்டலா தெரியவில்லை. எழுதினேன். பத்தொன்பதாவது படகு.

எனக்குத் தண்டனையும் சொன்னார். தாழைமுனையில் திருப்பத்தில் நிற்கும் படகில் நான் இருக்க வேண்டும். சுற்றிப் போகிற ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்க்க வேண்டும், நானும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நிற்கப்போவது ரீகன் வீட்டு நீலப் படகு.

மே 17, சனி

எரிபொருள் அளந்து ஊற்றிப் பூட்டியாயிற்று. எண் அட்டைகள் ஒட்டியாயிற்று. பன்னிரண்டு-அ காரர், அ மட்டும் பெரிதாகத் தெரிகிறது என்று புகார். கிடா வந்துவிட்டது. என் பதிவேட்டின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. எட்டாம் விதி போயிற்று.

திருப்பத்தில் நிற்கும் எங்கள் படகில் சாமியும் வருகிறாராம். அனுபவம் வேண்டுமாம்.

மே 18, ஞாயிறு

காதில் எரிச்சல். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பூசை முடிந்து விடியும் நேரத்தில் ரீகன், சாமி, நான் மூவரும் கிளம்பினோம். பத்தாவது நிமிடத்தில் சாமிக்கு அனுபவம் வரத் தொடங்கியது. தாழைமுனை போய்ச் சேரும்வரை வந்துகொண்டே இருந்தது.

ஏழு மணிக்குப் போட்டி தொடங்கியது என்று போன் வந்தது. எட்டரைக்கு முதல் படகு சுற்றியது. அப்பா நாலாவதாக வந்தார். எங்களைச் சுற்றும்போது முகம் முழுக்கத் தண்ணீர். கஸ்பார் மாமா சொன்னபடியே பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். சந்தைக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தது. அடுத்த பத்து நிமிடத்துக்குள் பத்தொன்பது படகும் சுற்றிவிட்டன. நான் முன்பக்கம் குனிந்து நேரங்களைச் சரிபார்த்தேன். ரீகன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான்.

பின்பக்கத்தில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. சாமியின் வெள்ளை அங்கி அனுபவத்தில் நாறிப்போயிருந்தது. அதைக் கடல் தண்ணீரில் அலசியிருக்கிறார். காயப் போட இடம் தேடியிருக்கிறார், அந்த மயக்கத்தில் ஏழாம் விதி நினைவுக்கு வரவில்லையாம். துடுப்பை நட்டு அதில் கட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். முதலில் வந்தது கடைசிப் படகு. எங்கோ பாதை தவறிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதன் பின்னால் இன்னும் இரண்டு. அதன் பின்னால் கடல் முழுக்கப் படகு, எல்லாம் எங்களைப் பார்த்து. அப்போதுதான் திரும்பி மேலே பார்த்தேன். பாய்ந்து அங்கியை இழுத்தேன், முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது.

அப்பாவின் படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வந்தது. முன்னால் இருந்த பன்னிரண்டு படகைக் கடந்து வந்தது. நிற்பதற்குள் அப்பா எங்கள் படகில் குதித்துவிட்டார். ரீகனைப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதன் பிறகுதான் துடுப்பைப் பார்த்தார்.

“நான் இல்லப்பா” என்றேன்.

சாமி பனியனோடு கையைத் தூக்கினார். “நான்தான். காயப் போட்டேன்” என்றார்.

முதலில் சிரித்தது கஸ்பார் மாமா. எங்கள் படகு விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“துணி ஏறினதை நான் பாத்தேன். பின்னால பாத்துதான உக்காந்திருக்கேன். சொல்லலாம்னு வாயைத் தொறக்கேன், அதுக்குள்ள படகு திரும்பிட்டு. நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்கான் இவன். நீலப் படகு, துணி, அதுல இந்தப் பிள்ள. பிள்ளைகட்ட மூணு, என் துணியில ஒண்ணுன்னு நாலு தடவை ஏமாந்தவன் அஞ்சாவதும் வந்துட்டான் பாருங்கலே.”

பன்னிரண்டு-அ காரர் தன் தண்ணீர் பாட்டிலை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார்.

குடித்து முடித்துவிட்டு, ஈரக் கையால் என் காதைப் பிடித்தார். முப்பத்தெட்டுப் பேர், ஒரு சாமியார் முன்னால் முழுத் திருகு. இன்று நான் ஒன்றும் செய்யவில்லையே என்று கத்தினேன்.

“இது இன்னைக்கு உள்ளதுக்கு இல்ல” என்றார்.

போட்டி என்ன ஆனது என்று பதிவேட்டுக்காக எழுத வேண்டும். விதி எண் ஏழின்படி பார்த்தவர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பார்க்காதவர் யாரும் இல்லை. வந்து போன தூரத்தில் பதினோரு படகுக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. மற்றவை கயிறு கட்டி அவற்றை இழுத்துக்கொண்டு பகல் இரண்டு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தன. வென்றவர் யார் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். தோற்றவர் கட்டம் பதிவேட்டில் இல்லை. இருந்திருந்தால் கிடாவின் பெயரை எழுதியிருப்பேன். பிரியாணிக்கு அப்பாவையும் வலைக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மே 19, திங்கள்

காது இன்னும் சிவப்பு. அங்கியை நான்தான் துவைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

காலையில் அப்பா கடலுக்குப் போய்விட்டு நம் ஊர் ஏலக்கூடத்தில் மீனைப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா விலை எப்படி என்று கேட்டாள்.

அதே விலைதான் என்றார்.